ஹைதி 1804: திங்கட்கிழமை கரும்பு வெட்டப் போவது யார்?

1804 ஜனவரி 1 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கரீபியன் கடல் தீவு ஒன்றில், கோனாயீவ் என்ற கரையோர ஊரில், விடுதலைப் படையின் தலைவர் ஜான்-ஜாக் தெஸாலின் தன் தளபதிகளோடு நின்று, பிரான்ஸோடு இருந்த உறவு அறுந்தது, இனி இந்த நாட்டின் பெயர் ஹைதி என்று அறிவித்தார். விடுதலை பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஞாயிற்றுக்கிழமையோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு மறுநாள் மேல்தான் கண். திங்கட்கிழமை காலையில் நிலைமை என்ன? பன்னிரண்டு வருடச் சண்டையில் கரும்புத் தோட்டங்கள் எரிந்து கிடக்கின்றன, ஆலைகள் உடைந்து கிடக்கின்றன, கஜானாவில் ஒன்றுமில்லை, பிரெஞ்சுக் கப்பல் எந்த நாளும் திரும்பி வரலாம். வெடிமருந்து வாங்கக் காசு வேண்டும், காசுக்குச் சர்க்கரை வேண்டும், சர்க்கரைக்குக் கரும்பு வெட்ட ஆள் வேண்டும். அந்த நாட்டில் இருந்த ஆட்களோ, பிரெஞ்சுத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்து, இனி கரும்பு வெட்ட மாட்டோம் என்றுதான் ஆயுதத்தையே கையில் எடுத்தவர்கள்.

ஹைதியை ஒப்பீட்டுக்கு எடுக்க ஒரு காரணம் இருக்கிறது. ஒரு விடுதலைப் புரட்சி ஜெயித்த பிறகு நாட்டை எப்படி நடத்துவது என்ற கேள்விக்கு, மற்ற நாடுகள் ஏதோ ஒரு பதிலைத் தேர்ந்துகொண்டு அதோடு வாழ்ந்தன. இங்கே 1807 முதல் 1820 வரை ஒரே நாடு இரண்டாகப் பிரிந்து, வடக்கே ஒரு பதிலும் தெற்கே இன்னொரு பதிலுமாக நடந்தது. பக்கத்துப் பக்கத்து வயலில் இரண்டு ரக நெல்லைப் போட்டுப் பார்த்த மாதிரி. மக்கள் ஒன்றுதான், பட்ட காயமும் ஒன்றுதான், எதிரியும் ஒன்றுதான். அதனால் எது எதற்கு உதவியது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம்.

முதலில் எதிலிருந்து தப்பித்தார்கள் என்று பார்த்துவிடலாம். சேன் தொமிங் என்று பெயர் கொண்டிருந்த அந்தப் பிரெஞ்சுக் காலனியில் 1789-ல் சுமார் 5 லட்சம் அடிமைகள், 30,000 சொச்சம் வெள்ளையர்கள், ஏறக்குறைய அதே அளவு விடுதலை பெற்ற கலப்பினத்தாரும் கறுப்பர்களும் இருந்தார்கள். ஐரோப்பா குடித்த காப்பியில் பாதிக்கு மேலும், தின்ற சர்க்கரையில் ஏறக்குறைய 40 சதவீதமும் இந்தச் சின்ன இடத்திலிருந்து போனது. கரும்புக்கு ஒரு குணம் உண்டு. வெட்டினால் ஒன்றிரண்டு நாளுக்குள் ஆட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் சாறு புளித்துப்போகும். அதனால் அறுவடைக் காலத்தில் ஆலை ராத்திரியும் ஓடும், கொப்பரை அடுப்பு அணையாது, சாட்டையோடு நிற்கும் கங்காணியும் தூங்கமாட்டான். அடிமைகளில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவில் பிறந்து பிடித்து வரப்பட்டவர்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தங்களுக்கென்று விட்ட துண்டு நிலத்தில் கிழங்கும் வாழையும் போட்டு, மிஞ்சியதைச் சந்தையில் விற்றார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமைத் துண்டு நிலத்தை மறந்துவிடாதீர்கள், பின்னால் வந்த கதை முழுக்க அதிலிருந்துதான் முளைக்கிறது. 1791 ஆகஸ்ட்டில் வடக்குச் சமவெளியில் கிளர்ச்சி வெடித்தபோது பேச்சுவார்த்தையில் அடிபட்ட கோரிக்கைகளில் ஒன்று, வாரத்தில் மூன்று நாள் எங்களுக்கு விடுங்கள் என்பது.

1793-ல் அடிமைமுறை ஒழிந்தது என்று பிரெஞ்சு ஆணையர்கள் அங்கேயே அறிவித்தார்கள், 1794 பிப்ரவரியில் பாரிஸும் ஒப்புக்கொண்டது. உடனே கேள்வி வந்துவிட்டது, சரி, வேலை? பொல்வெரல் என்ற ஆணையர் ஆறு நாள் வேலை என்றால் இவ்வளவு பங்கு, ஐந்து நாள் என்றால் பங்கு குறையும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார், பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைவு என்றும் எழுதினார். பிறகு தலைமைக்கு வந்த துசான் லூவெர்த்தூர், தானே அடிமையாகப் பிறந்தவர், தோட்டங்களை ராணுவ ஒழுங்கில் நடத்தினார். நீ சுதந்திர மனிதன், ஆனால் தோட்டத்தை விட்டுப் போகக்கூடாது, விளைச்சலில் நாலில் ஒரு பங்கு உனக்கு. 1801 பிப்ரவரியில் அவர் போட்ட ஒரு உத்தரவு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. 50 கரோவுக்குக் குறைவான நிலத்தை யாரும் வாங்கவோ விற்கவோ கூடாது என்பது அது. ஒரு கரோ என்றால் கிட்டத்தட்ட மூன்றே கால் ஏக்கர். அப்படி ஒரு தடை ஏன்? மூன்று நான்கு தொழிலாளிகள் காசு சேர்த்துக் கூட்டாக ஒரு துண்டு நிலம் வாங்கிக்கொண்டு தோட்டத்தை விட்டுப் போக ஆரம்பித்திருந்தார்கள். மக்கள் என்ன விரும்பினார்கள் என்று யாரும் வாக்கெடுப்பு நடத்தவில்லை, ஆனால் அந்தத் தடை உத்தரவே ஒரு வாக்கெடுப்பு முடிவு போலத்தான் இருக்கிறது. அதே வருடம் அக்டோபரில் வடக்குத் தோட்டத் தொழிலாளிகள் எழுந்தார்கள், அவர்கள் பக்கம் சாய்ந்தவர் என்று துசான் தன் வளர்ப்பு உறவான தளபதி மோயிஸையே சுட்டுக் கொன்றார். இரண்டு மாதம் கழித்து நெப்போலியனின் படை வந்து இறங்கியபோது துசானுக்காக எல்லாரும் ஒரே மூச்சில் ஏன் எழவில்லை என்று கேட்பவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

துசானைப் பிடித்துக் கொண்டுபோய் பிரான்ஸின் ஒரு மலைக்கோட்டையில் அடைத்தார்கள், 1803 ஏப்ரலில் குளிரிலேயே செத்துப்போனார். அடிமைமுறை திரும்ப வரப்போகிறது என்று தெரிந்ததும் மொத்த நாடும் எழுந்தது, மஞ்சள் காய்ச்சல் பிரெஞ்சுப் படையைத் தின்றது, 1803 நவம்பர் 18 அன்று வெர்த்தியேரில் கடைசிச் சண்டை நடந்தது. தெஸாலின் பேரரசர் ஆனார், எஞ்சியிருந்த பிரெஞ்சு வெள்ளையர்களில் பெரும்பாலோரைக் கொல்லச் செய்தார் (இதை நியாயப்படுத்தும் வேலையில் நான் இறங்கவில்லை, பயம் எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதற்குச் சொல்கிறேன்), காலனிக்காரர்களின் நிலத்தை அரசுடைமை ஆக்கினார். வெள்ளைத் தகப்பனின் சொத்து எனக்குத்தான் என்று பத்திரத்தோடு வந்த கலப்பினப் பிள்ளைகளிடம் பத்திரத்தைச் சரிபார்க்கத் தொடங்கினார். 1806 அக்டோபர் 17 அன்று போர்ட்-ஓ-பிரின்ஸுக்கு வெளியே ஒரு பாலத்தருகே சொந்தத் தளபதிகளின் ஆட்களே அவரைச் சுட்டார்கள். நிலத்தில் கை வைத்ததுதான் ஒரே காரணம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அது சின்னக் காரணம் இல்லை.

இனி நாடு இரண்டு.

வடக்கே ஹென்றி கிறிஸ்தோஃப். 1802-ல் பிரெஞ்சுப் படை கரையேற வந்தபோது காப் நகரத்தையே கொளுத்தியவர், தன் வீட்டிலிருந்து நெருப்பைத் தொடங்கியவர் என்பார்கள். 1807-ல் தலைவர், 1811-ல் அரசர். அவருடைய கணக்கு இப்படி ஓடியது: பிரான்ஸ் திரும்பி வரும், வந்தால் எதிர்க்கக் கோட்டை வேண்டும், பீரங்கி வேண்டும், இங்கிலாந்தின் நட்பு வேண்டும், அதற்கெல்லாம் சர்க்கரையும் காப்பியும் ஏற்றுமதி ஆகவேண்டும், ஆகவே தோட்டங்களை உடைக்கக்கூடாது. 1812-ல் அவர் கொண்டுவந்த சட்டத்தொகுப்பில் தோட்ட வேலைக்கு நேரம் வகுத்திருந்தது, விடிகாலையில் தொடங்கி இடையிடையே ஓய்வு விட்டுப் பொழுது சாயும்வரை. சாட்டை கிடையாது. விளைச்சலில் கால் பங்கு தொழிலாளிக்கு, நோய் வந்தால் வைத்தியம் பார்ப்பது தோட்டக்காரன் பொறுப்பு. காகிதத்தில் பார்த்தால் அந்தக் காலத்து ஐரோப்பிய ஆலைத் தொழிலாளியின் நிலையைவிட மோசமில்லை. ஆனால் தோட்டத்தை விட்டுப் போகமுடியாது, சோம்பேறியாகத் திரிகிறாய் என்று பிடித்துக் கொண்டுவர ராயல் தஹோமே என்றொரு காவல்படை இருந்தது. அப்புறம் அந்தக் கோட்டை, மிலோ ஊருக்கு மேலே சுமார் 900 மீட்டர் உயரத்தில் மலை உச்சியில் கப்பலின் முனை போல நீட்டிக்கொண்டு நிற்கும் சித்தாதெல். கல்லையும் சுண்ணாம்பையும் பீரங்கியையும் அந்த மலைமேல் ஏற்றியது மாடு மட்டுமில்லை, மனிதத் தோள்களும்தான்.

தெற்கே ஜனாதிபதி அலெக்ஸாந்த்ர் பெத்தியோன். பிரெஞ்சுத் தகப்பனுக்கும் கலப்பினத் தாய்க்கும் பிறந்தவர், பாரிஸில் ராணுவப் படிப்பு. அவருக்குச் சம்பளம் கொடுக்கக் காசில்லாத ஒரு படை இருந்தது, ஆளில்லாமல் காடு மண்டிக் கிடந்த அரசு நிலமும் இருந்தது. 1809 முதல் அந்த நிலத்தைப் பகிர்ந்து கொடுக்கத் தொடங்கினார். சாதாரணச் சிப்பாய்க்கு 5 கரோ, அதாவது ஏறக்குறைய 16 ஏக்கர், மேலே போகப்போக அதிகம், தளபதிகளுக்குத் தோட்டம் தோட்டமாக. பெரிய மனது என்று மக்கள் அவரைப் 'பாப்பா போன் கே', நல்ல மனசுக்கார அப்பா, என்று கூப்பிட்டார்கள். அவருடைய மனது நல்லதாகவே இருக்கட்டும். சம்பளத்துக்குப் பதில் நிலம், வடக்கு ராணுவத்திலிருந்து ஆள் ஓடிவர ஒரு தூண்டில், தன் வர்க்கத்துப் பெரிய நிலக்காரர்களுக்கு அவர்கள் தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்ததைச் சத்தமில்லாமல் மூடிமறைக்க ஒரு போர்வை, இவையும் அதில் சேர்ந்திருந்தன என்றுதான் நான் நினைக்கிறேன். விளைவு நல்லதாக இருக்கும்போது நோக்கத்தை ரொம்ப நோண்ட வேண்டியதில்லை.

விளைவு என்ன? தெற்கே சர்க்கரை செத்தது. பதினாறு ஏக்கரில் கரும்பு போட்டு யாரும் ஆலை வைக்கமுடியாது, வைக்கவும் விரும்பவில்லை. காப்பி அப்படியில்லை. மலைச்சரிவில் வாழை நிழலில் தானாக வளரும், பெண்களும் பிள்ளைகளும் பறித்து முற்றத்தில் உலர்த்தலாம், ஒரு மூட்டையைக் கழுதைமேல் ஏற்றினால் சந்தைக்குப் போய்விடும். அதனால் காப்பி நிலைத்தது. பெரிய நிலக்காரர்களுக்கோ வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை, சொந்தத் துண்டு இருக்கிறவன் ஏன் இன்னொருவன் நிலத்தில் கால் பங்குக்கு வேலை செய்யப் போகிறான்? வேறு வழியில்லாமல் பாதிவாரத்துக்கு நிலத்தை விட்டார்கள். வாரக்குத்தகை தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று சொல்லவேண்டியதில்லை. வடக்கில் கால்வாரம், அதுவும் காவல்படையின் கண்காணிப்பில், தெற்கில் அரைவாரம், அதுவும் நிலக்காரன் கெஞ்சிக் கொடுத்தது.

இந்த இடத்தில் ராஜாவும் ஜனாதிபதியும் கண்டுபிடிக்காத ஒன்றைச் சொல்லவேண்டும். லக்கூ என்று ஹைதியில் சொல்வார்கள். ஒரு முற்றம், சுற்றிலும் நான்கைந்து சின்ன வீடுகள், தாத்தா பாட்டி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் அதில். முற்றத்துக்குப் பின்னால் நிலம். உயரத்தில் மாவும் ஈரப்பலாவும், நடுவில் வாழையும் காப்பியும், கீழே சேனைக்கிழங்கு மாதிரியான கிழங்குகள், அவரை, ஓரத்தில் பன்றி. குழந்தை பிறந்தால் தொப்புள்கொடியை அங்கேயே புதைத்து மேலே ஒரு மரக்கன்று நடுவது வழக்கம், மரம் அந்தக் குழந்தையுடையது. முன்னோர்களைப் புதைப்பதும் அதே மண்ணில். அறுப்புக்கும் களைக்கும் ஊரார் கூடி ஒருவர் நிலத்தில் இன்று, இன்னொருவர் நிலத்தில் நாளை என்று பாட்டோடு வேலை செய்வார்கள், அதற்குக் கொம்பித் என்று பெயர். அடிமைக்காலத்து ஞாயிற்றுக்கிழமைத் துண்டு நிலத்தை ஏழு நாளுக்கும் நீட்டினால் வருவது இதுதான். எந்த அரசியல் சட்டத்திலும் இது இல்லை. புரட்சியின் உண்மையான சமூக மாற்றம் எது என்று என்னைக் கேட்டால் கொடியைக் காட்டமாட்டேன், இந்த முற்றத்தைத்தான் காட்டுவேன்.

ஆனால் தெற்கு வழியில் ஒரு பெரிய ஓட்டை உண்டு, அதை விட்டுவிட்டு யாரும் பெத்தியோனைப் புகழக்கூடாது. நிலம் கொடுத்தது ராணுவப் பட்டியலைப் பார்த்து. பட்டியலில் இருந்தது ஆண்கள். சானித் பெலேர் என்ற பெண் புரட்சிப் படையில் லெப்டினன்ட்டாக இருந்து, 1802-ல் பிரெஞ்சுக்காரர்களால் சுட்டுக் கொல்லப்பட்டவர், இன்றைக்கு ஹைதியின் 10 கூர்த் நோட்டில் அவர் முகம் இருக்கிறது. சண்டையில் நின்ற பெண்களுக்கு நோட்டில் இடம் கிடைக்கவே 200 வருடம் ஆயிற்று, நிலப் பட்டியலில் கிடைக்கவேயில்லை. பெண்கள் போன வழி சந்தை. விளைந்ததை வாங்கி, சுமந்து, ஊர் ஊராக விற்று, நகரத்துக்கும் கிராமத்துக்கும் நடுவே இருந்த மொத்த வியாபாரத்தையும் கையில் எடுத்துக்கொண்டார்கள், இப்போதும் அவர்களை மதான் சாரா என்று ஒரு சத்தமான பறவையின் பெயரால் கூப்பிடுகிறார்கள்.

ஆட்சிமுறைக்கு வருவோம். பெயரை மட்டும் பார்த்தால் வடக்கே முடியாட்சி, தெற்கே குடியரசு, ஆகவே தெற்கு முன்னேற்றம் என்று முடித்துவிடலாம். நான் அப்படி முடிக்கமாட்டேன். கிறிஸ்தோஃப் நான்கு இளவரசர்களையும் எட்டு டியூக்குகளையும் உண்டாக்கினார், கூடவே கவுண்ட், பாரன் என்று ஒரு கூட்டம். மர்மலாட் டியூக், லிமோனாட் கவுண்ட் என்ற பட்டங்களைக் கேட்டு, பழப்பாகு டியூக், எலுமிச்சைச் சாறு கவுண்ட் என்று ஐரோப்பாக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவை காலனிக்காரர்கள் வைத்த ஊர்ப்பெயர்கள், சிரிப்பதானால் தங்கள் ஆட்களைப் பார்த்துத்தான் சிரித்திருக்க வேண்டும். உலகம் ராஜாக்களை மட்டும் மதித்த காலத்தில் நாங்களும் உங்களுக்குச் சமம் என்று சொல்ல அவருக்குக் கிடைத்த மொழி அது. தெற்கே 1806 அரசியல் சட்டம் செனட்டுக்குத்தான் அதிகாரம் என்றது, அதை எழுதியபோது கிறிஸ்தோஃப் ஜனாதிபதி ஆகப்போகிறார், அவர் கையைக் கட்டவேண்டும் என்பது நோக்கம். அவர் கோபித்துக்கொண்டு படையோடு வந்து, தலைநகரைப் பிடிக்கமுடியாமல் வடக்கே திரும்பி, தனி அரசு வைத்துவிட்டார். பெத்தியோன் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் அதே செனட் அவருக்கே இடைஞ்சலாயிற்று, கூட்டாமலேயே காலம் ஓட்டினார். 1816-ல் புதுச் சட்டம்: ஆயுள்கால ஜனாதிபதி, அடுத்தவர் யார் என்று சொல்லிவிட்டுப் போகும் உரிமை அவருக்கே. இதற்கும் ராஜாவுக்கும் என்ன வித்தியாசம், கிரீடத்துக்குச் செலவு மிச்சம், அவ்வளவுதான்.

கறாராகச் சொன்னால் இரண்டு பக்கமும் ஆட்சி என்பது ராணுவம்தான். 1801-லிருந்து 1816-க்குள் ஆறு அரசியல் சட்டங்கள் வந்துபோயின, மாவட்டத்தை ஆண்டவர் எல்லாவற்றிலும் ஒரு தளபதி. எப்போதும் தயாராக நிற்கவேண்டிய நாட்டில் இது புரிந்துகொள்ளக்கூடியது, ஆனால் அந்தப் பழக்கம் எதிரி போன பிறகும் போகவில்லை.

1816 சட்டத்தில் ஒரு நல்ல பிரிவையும் சொல்லவேண்டும். ஆப்பிரிக்கரோ, அமெரிக்கப் பழங்குடியினரோ, அவர்கள் வம்சத்தில் வந்தவர்களோ ஹைதியில் கால் வைத்து ஒரு வருடம் வாழ்ந்தால் குடியுரிமை. சுற்றியிருந்த தீவெல்லாம் அடிமைமுறையில் கிடந்தபோது இப்படி எழுதுவதற்கு நெஞ்சுறுதி வேண்டும். தோற்று ஓடிவந்த தென் அமெரிக்க விடுதலைத் தலைவர் சிமோன் பொலிவாருக்குப் பெத்தியோன் ஆயுதமும் கப்பலும் கொடுத்தபோது கேட்ட ஒரே விலை, நீ விடுவிக்கும் இடத்தில் அடிமைகளையும் விடுவிக்கவேண்டும் என்பதுதான். இந்தக் குடியுரிமைப் பிரிவுக்கு முன்னோடி தெஸாலினின் 1805 சட்டம், நிறம் எதுவானாலும் ஹைதியர் எல்லாரும் இனி 'கறுப்பர்' என்றே அழைக்கப்படுவார்கள் என்றது. நெப்போலியன் அனுப்பிய படையிலிருந்து கட்சி மாறிய போலந்துக்காரர்களும் அதில் குடிமக்களாகச் சேர்ந்தார்கள். சட்டம் சொன்னது ஒன்று, நடந்தது வேறு. தெற்கே கலப்பினக் குடும்பங்கள் கையில் பதவியும் வியாபாரமும், வடக்கே கறுப்புத் தளபதிகள் கையில் பட்டமும் தோட்டமும். இந்த நிறப் பூசல் பிறகு எத்தனையோ ஆட்சிகளைக் கவிழ்த்தது.

பள்ளிக்கூட விஷயத்தில் வடக்குக்கே என் ஓட்டு, யோசிக்கவே வேண்டாம். எழுத்துப் பழக்கம் அதிகமில்லாத கிறிஸ்தோஃப், இங்கிலாந்தின் அடிமை ஒழிப்புத் தலைவர்களான வில்பர்ஃபோர்ஸுக்கும் கிளார்க்சனுக்கும் கடிதம் எழுதவைத்து ஆசிரியர்களை வரவழைத்தார். பெத்தியோன் தலைநகரில் ஒரு நல்ல மேல்நிலைப் பள்ளி தொடங்கினார், நகரத்துப் பிள்ளைகள் படித்தார்கள். கிராமத்துக்கு அவர் கொடுத்தது நிலம் மட்டும். இரண்டு பேரும் ஆட்சியை நடத்தியது பிரெஞ்சு மொழியில், மக்கள் பேசியது கிரியோல், அந்தக் கிரியோலுக்கு அரசியல் சட்டத்தில் பிரெஞ்சோடு சமமாக ஆட்சிமொழி இடம் கிடைத்தது 1987-ல். நகரத்தார் கிராமத்து மக்களை 'வெளியாள்' என்ற பொருளில் மூன் அந்தெயோ என்று கூப்பிடுகிற வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் இங்கேதான் வந்து நிற்கும்.

இனி கடன், இரண்டு வழிகளையும் உரசிப் பார்க்க இதைவிட நல்ல கல் இல்லை. 1814-ல் நெப்போலியன் விழுந்து பழைய அரச குடும்பம் பிரான்ஸில் திரும்பியதும், காலனியைத் திருப்பிப் பெற வழி பார்க்க இரகசியத் தூதர்கள் வந்தார்கள். தெற்கே வந்தவரிடம் பெத்தியோன், பழைய தோட்டக்காரர்கள் இழந்த சொத்துக்கு ஈடாகப் பணம் தருகிறோம், சுதந்திரத்தை ஒப்புக்கொள்ளுங்கள் என்று பேச்சைத் தொடங்கினார். வடக்கே வந்த மெதினா என்பவரைக் கிறிஸ்தோஃப் பிடித்துச் சோதனை போட்டார். பெட்டியிலிருந்து எடுத்த இரகசிய உத்தரவில், பெரும்பாலான மக்களைத் திரும்பத் தோட்டத்தில் அடிமையாகச் சேர்க்கும் திட்டம் எழுதியிருந்தது. அதை அப்படியே அச்சடித்து வெளியிட்டார். உலகத்துக்குத் தெரிந்துபோயிற்று, அந்தத் தூது எங்களுடையது இல்லை என்று பிரான்ஸே கைகழுவும்படி ஆனது. ஒரு காசு கிடையாது என்பது வடக்கின் பதில்.

1818-ல் பெத்தியோன் இறந்தார், தெற்கே அடுத்த ஜனாதிபதியாகப் புவாயே வந்தார். 1820-ல் கிறிஸ்தோஃப் பக்கவாதத்தில் விழுந்தார், படை கலகம் செய்தது, அக்டோபர் 8 அன்று அவர் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார், உடலை அந்த மலைக்கோட்டைக்குத் தூக்கிப்போய்ப் புதைத்தார்கள். இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். கடைசி வருடங்களில் அவரே சிப்பாய்களுக்கு நிலம் பிரித்துக்கொடுக்கத் தொடங்கியிருந்தார். தெற்கே போனால் நிலம் என்ற பேச்சு மலை தாண்டி வந்துகொண்டிருந்தபோது வேறென்ன செய்வது. நாடு ஒன்றானதும் புவாயே தெற்கு முறையையே வடக்கிலும் நீட்டினார்.

1825 ஜூலையில் போர்ட்-ஓ-பிரின்ஸுக்கு முன்னால் 14 பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள், சுமார் 500 பீரங்கிகள். அரசர் பத்தாம் சார்லஸின் ஆணை கையில்: பழைய தோட்டக்காரர்களுக்கு ஈடாக 15 கோடி ஃபிராங்க், ஐந்து தவணை, பிரெஞ்சுச் சரக்குக்குச் சுங்கம் பாதி. ஒப்பிட்டுப் பாருங்கள், அதற்கு 22 வருடம் முன்னால் பரந்து விரிந்த லூயிசியானா முழுவதையும் பிரான்ஸ் அமெரிக்காவுக்கு விற்றது 8 கோடி ஃபிராங்குக்கு. அடிமைகள் தங்களையே விலைகொடுத்து வாங்கவேண்டும் என்பதுதான் அந்த ஆணையின் பச்சையான பொருள். புவாயே கையெழுத்துப் போட்டார். முதல் தவணை 3 கோடிக்குப் பாரிஸ் வங்கிகளிடமே கடன், கமிஷன் பிடித்துக்கொண்டு கையில் வந்தது 2 கோடியே 40 லட்சம். 1838-ல் மொத்தத்தை 9 கோடியாகக் குறைத்தார்கள். வட்டிக்கு வட்டி, கடனுக்குக் கடன் என்று ஓடி 1947-ல்தான் அந்தக் கணக்கு முடிந்தது. 2003-ல் ஹைதி ஜனாதிபதி அரிஸ்தீத் பிரான்ஸிடம் திருப்பிக் கேட்ட தொகை 2168 கோடி டாலர் சொச்சம், கடைசியில் 48 சென்ட் வரை கணக்குப் போட்டிருந்தார்கள், அந்த 48 சென்ட்டைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வரவில்லை அழுகையும் வரவில்லை.

கிறிஸ்தோஃப் ஆதரவாளர்கள் இந்த இடத்தில்தான் மேசையைத் தட்டுவார்கள்: பார்த்தீர்களா, தோட்டத்தை உடைத்தீர்கள், கஜானா காலி, கப்பல் வந்ததும் மண்டியிட்டீர்கள். வலுவான வாதம்தான். ஆனால் அந்தத் தவணைகளைக் கட்டியது எந்தப் பணம்? காப்பி மேல் போட்ட ஏற்றுமதி வரி. மலைச்சரிவில் மூட்டை மூட்டையாகக் காய்வைத்த அதே துண்டு நிலக்காரர்கள். ஆக, துண்டு நிலத்தில் விளைச்சல் இல்லை என்பது பொய், விளைந்ததைத் துறைமுகத்தில் உட்கார்ந்து பிடுங்கிப் பாரிஸுக்கு அனுப்பிவிட்டார்கள் என்பதுதான் நடந்தது. சுங்கத்தை வைத்தே வாழ்ந்த அரசுக்குக் கிராமத்தில் சாலை போடவோ பள்ளி வைக்கவோ அவசியமே வரவில்லை, மூட்டை எப்படியும் துறைமுகத்துக்கு வந்துவிடும். கிறிஸ்தோஃபின் பிடிவாதம் 1825-ல் இருந்திருந்தால் போர் வந்திருக்குமா? வந்திருக்கலாம். 1802-ல் வந்த படைக்கு நடந்தது பிரான்ஸுக்கு மறந்திருக்காது என்பதால் வராமலும் போயிருக்கலாம். நான் அந்த இரண்டாவது பக்கம் சாய்கிறேன், நிரூபிக்கமுடியாது.

ஆக என் தேர்வு கலப்படம்தான். நிலத்தில் தெற்கு, பட்டியலைப் பார்க்காமல் பெண்களுக்கும் சேர்த்து. பள்ளியிலும் கடனிலும் வடக்கு. ஆட்சிமுறையில் இரண்டுமே வேண்டாம், 1806-ன் செனட்டை அதை எழுதியவர்களே ஒரு ஐந்து வருடமாவது மதித்திருந்தால் அது என்ன ஆகியிருக்கும் என்று பார்க்க ஆசை. சோறும் சுதந்திரமும் என்று வந்தால் முதலில் நிலம் என்பேன், ஏனென்றால் மற்றதைத் திருத்த ஒரு தலைமுறை போதும், தோட்டத்தில் கட்டிவைத்த மக்களை அவிழ்த்துவிட அதைவிட நாளாகும். பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. 1848-ல் மீதியிருந்த பிரெஞ்சுத் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்தபோது தோட்டங்களை யாரும் உடைக்கவில்லை. மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் அந்தத் திங்கட்கிழமைக்கு ஆள் பிடிக்க 1850களில் கப்பல்கள் வந்து நின்றது புதுச்சேரியிலும் காரைக்காலிலும். ஒப்பந்தக் கூலியாகக் கரும்பு வெட்டப் போனவர்களில் பெரும்பாலோர் நம் ஆட்கள்.

ஹைதியில் புவாயேயும் ஒரு கை பார்த்தார். கடன் கட்டவேண்டுமே என்று 1826 மே மாதம் கிராமச் சட்டம் ஒன்று போட்டார்: விவசாயி தோட்டத்தை விட்டு அனுமதியில்லாமல் நகரத்துக்குப் போகக்கூடாது, வேலையில்லாமல் திரிந்தால் தண்டனை, கண்காணிக்க ராணுவம். கண்காணிக்கவேண்டிய சிப்பாய்க்கே மலையில் ஒரு துண்டு நிலம் இருந்தது, அவனுக்கும் காப்பி பறிக்கவேண்டியிருந்தது. சட்டம் புத்தகத்தில் கிடந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் சர்க்கரை ஏற்றுமதி கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டது, திங்கட்கிழமை யாரும் வரவில்லை.